சைக்கோடைனமிக் தெரபி ஆய்வு: சி.பி.டி.யோடு இன்னொரு போட்டி வைப்பதில் பயன் உண்டா?

நதிமூலம் (கேள்வி):

கிளினிக்கல் சைக்காலஜி பிஎச்.டி.க்கான திட்டம் ஒன்று முடிவாகும் கட்டத்தில் இருக்கிறது. மிதமான மனச்சோர்வு உள்ள 60 பேர். ரேண்டமைஸ் செய்து பாதிப் பேருக்கு 16 செஷன் குறுங்கால சைக்கோடைனமிக் தெரபி (உறவுகளிலும் அடிமனதிலும் உள்ள முரண்களைப் பேசிப் புரிந்துகொள்ளும் சிகிச்சை), மீதிப் பேருக்கு 16 செஷன் சி.பி.டி. (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை). தெரபிஸ்டுகள் 6 பேர், ஒவ்வொரு சிகிச்சைக்கும் மூவர். செஷன்கள் தமிழில் நடக்கும். கடைசியில் ஹாமில்டன் (மனச்சோர்வின் கடுமையை அளக்கும் அளவுகோல்) மதிப்பெண்ணை வைத்து, சைக்கோடைனமிக் தெரபி சி.பி.டி.க்குக் குறைந்ததில்லை என்று நிறுவுவது நோக்கம். கைடுக்கும் இதுதான் விருப்பம்.

இதற்கு ஆகும் உழைப்பு தகுமா? அடுத்த பத்து வருடத்தில் இந்தத் துறையின் ஆய்வு எந்தப் பக்கம் போகும்? ஆறு தெரபிஸ்ட், இரண்டு வருடம், பெரிய நிதி கிடையாது. இந்த வசதிக்குள் உருப்படியாக என்ன செய்யலாம்?

---

தரவுக்காரன்:

முதலில் எண்ணிக்கை. மற்றதெல்லாம் அப்புறம்.

"குறைந்ததில்லை" என்று சொல்ல, இவ்வளவு பின்தங்கினால் பரவாயில்லை என்று முன்கூட்டியே ஓர் எல்லை குறிக்க வேண்டும். ஸ்டைனெர்ட் குழு 2017இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரியில் வெளியிட்ட மெட்டா அனாலிசிஸில் (பல ஆய்வுகளின் திரட்டுக் கணக்கு) அந்த எல்லை 0.25, திட்ட விலக்க அளவில். மொத்தம் 23 ட்ரையல், 2751 பேர். சைக்கோடைனமிக் தெரபிக்கும் சான்றுள்ள மற்றச் சிகிச்சைகளுக்கும் இடையே நோய்க்குறிகளில் வந்த வித்தியாசம் 0.153, அதன் 90% நம்பிக்கை இடைவெளி 0.079 முதல் 0.227 வரை. எல்லைக்குள் அடங்கிவிட்டது, ஆனால் ஒட்டி நின்றுதான் அடங்கியது. அவ்வளவு பேரைத் திரட்டிய பிறகே அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடிந்தது.

உங்கள் திட்டத்தில் பக்கத்துக்கு 30 பேர். இரண்டு சிகிச்சையும் உண்மையிலேயே சரிசமம் என்று வைத்துக்கொண்டாலும் 95% இடைவெளி இருபுறமும் சுமார் 0.5 விரியும். 0.25 என்ற கோடு அதற்குள் முழுகிவிடும். அந்த எல்லைக்கு ஒருபக்க ஆல்ஃபா (தவறாகக் "குறைந்ததில்லை" என்று சொல்லிவிடும் வாய்ப்பு) 2.5%, பவர் (உண்மையில் சமம் என்றால் அதை நிறுவும் வாய்ப்பு) 80% என்று போட்டால் பக்கத்துக்கு 251 பேர் வேண்டும். ஐந்தில் ஒருவர் நடுவில் நின்றுவிடுவார் என்று கணக்கு வைத்தால் 314. ஆக மொத்தம் 628.

60 பேரில் நடக்கப்போவது இதுதான்: பி-வேல்யூ 0.05க்கு மேல் வரும், "இரண்டும் சமம்" என்று அத்தியாயம் எழுதப்படும். வித்தியாசம் பிடிபடாமல் போவதும் வித்தியாசம் இல்லை என்பதும் ஒன்றல்ல. வைவாவில் இந்த ஓட்டையைத்தான் முதலில் குடைவார்கள்.

அடுத்தது 3 + 3. நோயாளிகளின் முடிவுகளில் உள்ள வேறுபாட்டில் சுமார் 5% தெரபிஸ்ட் யார் என்பதாலேயே வருவதாகப் பல ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. ஒரு பக்கம் மூன்றே பேர் என்றால், ஜெயித்தது சிகிச்சையா, அந்த மூவரில் ஒருவருடைய கைராசியா என்று பிரிக்க வழியில்லை. கணக்கிலும் இது அடிக்கும். தெரபிஸ்டுக்கு 10 நோயாளி, ஐ.சி.சி. (ஒரே தெரபிஸ்டின் நோயாளிகளுடைய முடிவுகள் ஒத்துப்போகும் அளவு) 0.05 என்றால் தேவைப்படும் எண்ணிக்கையை 1.45ஆல் பெருக்க வேண்டும். 0.5 அளவு வித்தியாசத்தைப் பிடிக்கப் பக்கத்துக்கு 63 போதும் என்று வழக்கமான சூத்திரம் சொல்வது அப்போது 92 ஆகிவிடும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்த ஆய்வு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ட்ரீசன் குழு, ஆம்ஸ்டர்டாம், 2013. 341 பேர், இரு பக்கமும் 16 செஷன், கிட்டத்தட்ட உங்கள் கேள்வியேதான். முடிவில் இரண்டும் நெருக்கமாகவே வந்தன. ஆனால் சிகிச்சை முடிந்தபோது முழுமையாகத் தேறியவர்கள் சராசரியாக 22.7% மட்டும். நூற்றில் முக்கால்வாசிப் பேர் தேறாத இடத்தில் யார் முந்தியது என்று கேட்பதைவிட, ஏன் தேறவில்லை என்று கேட்பதில்தான் இனி வேலை இருக்கிறது.

---

கோடங்கி:

தரவுக்காரன் சொன்னதோடு முழு உடன்பாடு. மாற்று என்ன என்பதை நான் சொல்கிறேன்.

இந்தத் துறைக்கு நெடுநாள் கடன் ஒன்று உண்டு: எது வேலை செய்கிறது என்று காட்டுவது. டிரான்ஸ்ஃபரன்ஸை (பழைய உறவுகளின் உணர்வுகளை நோயாளி தெரபிஸ்ட் மேல் ஏற்றுவது) விளக்குவதுதான் உயிர்நாடி என்று நூறு வருடம் சொல்லிவிட்டோம், சோதித்தவர்கள் சொற்பம். நார்வேயில் ஹெக்லென்ட் குழு செய்த ஆய்வை ஒரு முன்மாதிரியாகப் பாருங்கள். 100 நோயாளிகள், வாரம் ஒரு செஷன், ஒரு வருடம். எல்லாருக்கும் சைக்கோடைனமிக் தெரபிதான். ஒரு பாதிக்கு டிரான்ஸ்ஃபரன்ஸ் விளக்கம் உண்டு, மறு பாதிக்கு அது மட்டும் கிடையாது. 2006இல் வந்த முடிவு: சராசரியில் வித்தியாசம் இல்லை. ஆனால் உறவுகளில் நெடுங்காலமாகத் தடுமாறுபவர்களுக்கு அந்த விளக்கம் கூடுதலாக உதவியது. அப்படிப்பட்டவர்கள் அதைத் தாங்கமாட்டார்கள், உறவுகளில் உறுதியானவர்களுக்கே அது பொருந்தும் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லிவந்தது. எதிர்பார்ப்புக்கு நேர் எதிராக முடிவு வந்த ஆய்வு, அதனாலேயே மதிப்பு. பிற்பாடு அதே டேட்டாவை வைத்து, அந்த உதவி இன்ஸைட் (தன்னைப் பற்றிய புரிதல்) வழியாக நடந்தது என்பதையும் காட்டினார்கள்.

அந்த அளவுக்கு உங்களால் முடியாது. ஆனால் செஷனுக்குச் செஷன் அளக்க முடியும். 60 பேர் × 16 செஷன் = 960 அளவைப் புள்ளிகள். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட 60 என்பது சிறியது. ஒருவரையே அவருடைய போன வாரத்தோடு ஒப்பிட 960 மோசமில்லை. ஸ்வீடன் ஆரம்ப சுகாதார மையங்களில் ஃபால்கென்ஸ்ட்ரோம் குழு 646 பேரிடம் இப்படி அளந்து 2013இல் வெளியிட்டது. ஒரு செஷனில் தெரபிஸ்டோடு உள்ள பிணைப்பு அவருடைய வழக்கமான அளவைவிடக் கூடியிருந்தால், அடுத்த செஷனுக்கு வரும்போது நோய்க்குறிகள் குறைந்திருந்தன.

கைவேலையில் சொதப்பும் இடங்கள்:

பி.எச்.க்யூ-9 என்ற மனச்சோர்வுப் படிவம் "கடந்த இரண்டு வாரங்களில்" என்று கேட்கிறது. அதை வாராவாரம் கொடுத்தால் ஒவ்வொரு அளவையும் முந்தையதோடு ஒரு வாரம் மேலோடும், மாற்றம் மழுங்கிப்போகும். "கடந்த 7 நாட்களில்" என்று மாற்றிக் கொடுங்கள், மாற்றியதை முறையியல் பகுதியில் எழுதுங்கள்.

குறிகளைச் செஷனுக்கு முன்னும், பிணைப்பைச் செஷன் முடிந்த கையோடும் கேளுங்கள். இரண்டையும் ஒரே தாளில் கொடுத்தால் எது எதற்கு முன் வந்தது என்ற வாதமே விழுந்துவிடும்.

பிணைப்புப் படிவத்தைத் தெரபிஸ்ட் பார்க்கக் கூடாது, பார்க்கமாட்டார் என்பது நோயாளிக்கும் தெரிய வேண்டும். வரவேற்பில் பூட்டிய பெட்டி வைத்து அதில் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "டாக்டர் மனசு கோணக் கூடாது" என்று எல்லாவற்றுக்கும் 7 போட்டுத் தருவார்கள். உச்சத்திலேயே நிற்கும் எண்ணில் ஏற்ற இறக்கம் எங்கிருந்து கிடைக்கும்?

அனாலிசிஸில், ஒவ்வொருவருடைய சராசரியையும் கழித்துவிட்டுச் சாதாரண மல்ட்டிலெவல் மாடலில் முந்தைய வார மதிப்பெண்ணையும் சேர்த்தால் முடிவு ஒரு பக்கம் சாயும். நிக்கெல் பயஸ் என்பார்கள். ரேண்டம் இன்டர்செப்ட் கிராஸ்-லேக்ட் மாடலோ டைனமிக் எஸ்.இ.எம். மாடலோ போடுங்கள்; ஒருவருக்குள் நடக்கும் மாற்றத்தை ஆட்களுக்கிடையேயான வித்தியாசத்திலிருந்து பிரிக்கும் மாடல்கள் இவை.

அப்புறம், நடந்தது சைக்கோடைனமிக் தெரபிதான் என்பதற்கு ஆதாரம் வேண்டுமே! சி.பி.பி.எஸ். என்ற அளவுகோல் இதற்கு எளிது. 20 கூற்றுகள், 0 முதல் 6 வரை, பாதி சைக்கோடைனமிக் பக்கம், பாதி சி.பி.டி. பக்கம். ஒரு நோயாளிக்குத் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று ஒலிப்பதிவு, எந்தச் சிகிச்சை என்று தெரியாத இரண்டு மதிப்பீட்டாளர்கள். இந்த வேலையைக் கடைசி ஆறு மாதத்துக்குத் தள்ளாதீர்கள். முதல் பத்து நோயாளிகளிலேயே மதிப்பீட்டாளர்களுக்குள் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

---

வடகரை:

"போட்டி முடிந்துவிட்டது" என்ற தொனி எனக்கு ஒப்பவில்லை. இரண்டு காரணம்.

ஒன்று, எல்லா நோயிலும் முடிவு ஒரே மாதிரி இல்லை. ஜெர்மனியில் சமூகப் பதற்றக் கோளாறுக்கு 495 பேரை வைத்து லைக்சன்ரிங் குழு நடத்திய ட்ரையலில் (2013) காக்னிடிவ் தெரபியில் முழுத் தேர்ச்சி 36%, சைக்கோடைனமிக்கில் 26%, காத்திருப்புப் பட்டியலில் 9%. அந்தப் பத்து சதவீதம் தற்செயல் அல்ல. இரண்டு வருடத் தொடர்பார்வையில் அந்த இடைவெளி மங்கிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சைக்கோடைனமிக் முகாமைச் சேர்ந்தவரே முன்னின்று நடத்தி, தனக்குப் பாதகமான எண்ணையும் வெளியிட்டார். ஆய்வாளரின் சார்பு முடிவை இழுக்கிறது என்பது இத்துறையின் பழைய நோய். இரண்டு முகாமும் சேர்ந்து திட்டமிட்டு, இரண்டு பக்க மேற்பார்வையும் வைத்து நடத்தும் ட்ரையல்கள்தான் இனி எடுபடும்.

இரண்டு, நீண்டகாலச் சிகிச்சைக்குச் சான்று இன்னும் மெலிவாகவே இருக்கிறது. லண்டன் டாவிஸ்டாக் ஆய்வை (2015) எடுத்துக்கொள்ளுங்கள். பல சிகிச்சைக்கும் அடங்காத மனச்சோர்வு உள்ள 129 பேர், 18 மாதம், வாரம் ஒரு செஷன். சிகிச்சை முடிந்த நாளில் பகுதித் தேர்ச்சி 32.1%, வழக்கமான கவனிப்பில் 23.9%. அங்கேயே நிறுத்தியிருந்தால் தோல்வி என்று கோப்பை மூடியிருப்பார்கள். தொடக்கத்திலிருந்து 42ஆம் மாதத்தில் பகுதித் தேர்ச்சி 30.0%, எதிர்ப்பக்கம் 4.4%. சிகிச்சை நின்ற பிறகு இடைவெளி விரிகிறது. இது திரும்பத் திரும்ப வருமா என்பதுதான் எனக்கு அடுத்த பத்து வருடத்தின் பெரிய கேள்வி. ஆனால் அங்கே எதிர்ப்பக்கம் இருந்தது வழக்கமான கவனிப்பு. அதே அளவு நேரம் கொடுத்த வேறொரு சிகிச்சை அல்ல. 60 செஷன் ஒருவர் அக்கறையோடு காது கொடுத்ததன் பலனையும் மனப்பகுப்பின் பலனையும் அதில் பிரிக்க முடியாது.

ஷெட்லர் 2010இல் எடுத்துக்காட்டிய 0.97 என்ற பலன் அளவை இன்றைக்கும் ஸ்லைடுகளில் பார்க்கிறேன். அது காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) 2006இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து வந்தது. எதிர்ப்பக்கத்தில் காத்திருப்புப் பட்டியல், குறைந்தபட்சக் கவனிப்பு, வழக்கமான கவனிப்பு. அதை வைத்து சி.பி.டி.யோடு மல்லுக்கட்டுவது தப்பு. 2023இல் வேர்ல்ட் சைக்கியாட்ரியில் வந்த தொகுப்பாய்வைப் பாருங்கள். மனச்சோர்வு, பதற்றம், ஆளுமைக் கோளாறு, உடல்குறிக் கோளாறு ஆகியவற்றுக்குச் சான்று உண்டு என்று புதிய அளவுகோல்களின்படி சொல்கிறது. மேற்கோள் காட்ட அது உறுதியானது.

நதிமூலம், உங்களுக்கு இதிலிருந்து கிடைப்பது தொடர்பார்வைதான். சிகிச்சை முடிந்து 6, 12 மாதத்தில் ஒரு போன் பேட்டிக்குத் தொடக்கத்திலேயே சம்மதம் வாங்குங்கள். நம் ஊரில் தெரபிக்கு வருவது வீட்டுக்குத் தெரியாமல் இருக்கும் ஆட்கள் நிறைய. எந்த நம்பரில், எந்த நேரத்தில், என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சம்மதப் படிவத்திலேயே நிரப்பி வாங்குங்கள். இடையில் மாத்திரை மாறியதா, வேறு தெரபிஸ்டிடம் போனார்களா என்பதையும் ஒவ்வொரு பேட்டியிலும் பதியுங்கள். அது இல்லாத தொடர்பார்வை எண்ணை யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்று, பாதகம். மருந்து ட்ரையலில் பக்கவிளைவு எழுதாவிட்டால் விடமாட்டார்கள். தெரபி ட்ரையலில் கேட்பதே அபூர்வம். தெரபியின் பாதகங்களைக் கேட்கும் என்.இ.க்யூ. என்ற படிவம் 32 கேள்விகளோடு இருக்கிறது, 20 கேள்விச் சுருக்கமும் உண்டு. முடிவில் ஒரு தடவையாவது கொடுங்கள்.

---

எழுத்துக்கூலி:

செஷன் தமிழில் என்றீர்களே, அதில்தான் உங்கள் கையில் உள்ள அரிய சரக்கு. ஒலிப்பதிவுகள்.

செஷன் எழுத்துப்படிவங்களை மொழி மாடல்கள் வைத்து கோடிங் செய்யும் வேலை வேகமாக வளர்கிறது. எளிதில் ஒப்பிடக்கூடியது லூபோர்ஸ்கியின் சி.சி.ஆர்.டி. முறை. நோயாளி பேச்சில் வரும் உறவுச் சம்பவங்களைச் சுமார் பத்து எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்றைக் குறிப்பது: இவர் என்ன விரும்பினார், எதிராளி எப்படி நடந்தார், இவர் என்ன செய்தார். உதாரணத்துக்கு நானே எழுதியது:

"அப்பாகிட்ட சொல்லலாம்னு போனேன். டிவியை நிறுத்தவே இல்ல. சரி விடுன்னு வந்துட்டேன்."

விருப்பம்: காது கொடுக்க வேண்டும். எதிராளி: கண்டுகொள்ளவில்லை. தன் செயல்: பின்வாங்கல். சுத்தமாக விழுகிறது. ஆனால் இதே ஆள் அடுத்த செஷனில் "அப்படித்தான், சொன்னா கேக்கவா போறாங்க" என்றால்? யார் கேட்கமாட்டார்கள்? அப்பாவா, பொதுவாக மனிதர்களா, எதிரே உட்கார்ந்திருக்கும் தெரபிஸ்டா? பேச்சுத் தமிழில் எழுவாய் பாதி நேரம் விடுபட்டே வரும், மரியாதைப் பன்மை ஒருவரையும் பலராகக் காட்டும். டிரான்ஸ்ஃபரன்ஸ் இருப்பதே இந்தச் சந்தேகத்தில்தான், அதனால் அதை மாடலிடம் தூக்கிக் கொடுக்க முடியாது. "யாரைப் பற்றி" என்று தனி நெடுவரிசை போட்டு, "தெளிவில்லை" என்ற விடைக்கும் இடம் விட்டு, இரண்டு மனிதர்கள் தனித்தனியே குறிக்கட்டும். அவர்களுக்குள் கப்பா (இருவர் ஒத்துப்போகும் அளவு) 0.6ஐத் தாண்டிய பிறகுதான் மாடலை அவர்களோடு ஒப்பிடலாம். மனிதர்களே ஒத்துப்போகாத இடத்தில் மாடல் 80% சரி என்று எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

எழுத்தாக்கம் பற்றி: ஒரு மணி நேர ஒலியைக் கையால் எழுத 4 முதல் 6 மணி நேரம் ஆகும். 960 செஷனையும் எழுத முடியாது, வேண்டியதும் இல்லை. ஆளுக்கு மூன்று போதும். தானியங்கி எழுத்தாக்கத்தை முதல் வரைவுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் மௌனத்தில் காலை வாரும். நீண்ட நிசப்தம் வரும் இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தை அது இட்டுக்கட்டி எழுதும். சைக்கோடைனமிக் செஷனில் நாற்பது விநாடி மௌனம் சாதாரணம், பல நேரம் முக்கியமும்கூட. அதனால் மௌனங்களைத் தனியாக நேரம் குறித்துவிட்டு, அந்த இடங்களைக் காதால் கேட்டுச் சரிபாருங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சிலும் தடுமாறும். "டிப்ரெஷனா இருக்கு" என்பதை என்னென்னவோ ஆக்கும்.

ஒலியை இணையத்தில் உள்ள சேவைக்கு ஏற்றாதீர்கள். சொந்த மெஷினில் ஓடும் மாடல், என்க்ரிப்ட் செய்த டிஸ்க். பெயரை மட்டும் நீக்கினால் போதாது. ஊர், வேலை செய்யும் மில், குலதெய்வக் கோயில், "எங்க பெரியப்பா போன வருஷம் கவுன்சிலரானார்" போன்ற வரி, இவற்றில் இரண்டு சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

---

நதிமூலம்:

எல்லாருக்கும் நன்றி. போட்டி ட்ரையல் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தாகிவிட்டது. 60 பேருக்கும் சைக்கோடைனமிக் தெரபி, செஷன்தோறும் அளவை, ஆளுக்கு மூன்று ஒலிப்பதிவு கோடிங், 12 மாதத் தொடர்பார்வை. கைடு இப்போது கேட்பது: யாருக்கு எந்தத் தெரபி பொருந்தும் என்று மெஷின் லேர்னிங் வைத்துக் கணிக்கும் அத்தியாயம் ஒன்றைச் சேர்க்கலாமா? எதிர்காலம் அதுதான் என்கிறார்.

---

தரவுக்காரன்:

எதிர்காலம் அதுவாக இருக்கலாம், உங்கள் 60 பேரில் இல்லை. சிகிச்சைப் பொருத்தத்தைக் கணிக்கும் மாடலுக்குப் பக்கத்துக்குக் குறைந்தது 300 பேர் வேண்டும் என்று லூட்கே, கெஸ்லர் ஆகியோர் 2019இல் சிமுலேஷன் செய்து காட்டினார்கள். உங்கள் புதிய வடிவத்தில் எதிர்ப்பக்கமே கிடையாது, பிறகு எதோடு பொருத்துவது? 60 பேரில் 40 மாறிகளைப் போட்டால் மாடல் அழகாகப் பொருந்தும், அடுத்த க்ளினிக்கில் கவிழும்.

அந்த எண்ணிக்கைக்கு இரண்டு வழிதான் தெரிகிறது. ஒன்று, பழைய ட்ரையல்களின் தனிநபர் டேட்டாவைத் திரட்டுவது. ட்ரீசன் போன்றவர்கள் அதைத்தான் செய்துவருகிறார்கள். இன்னொன்று இணையவழி. ஸ்வீடனில் மனச்சோர்வுள்ள பதின்வயதினர் 272 பேரை இணையவழி சைக்கோடைனமிக், இணையவழி சி.பி.டி. என்று பிரித்து 10 வாரத்தில் முடித்து 2022இல் வெளியிட்டார்கள். ஒரு நோயாளிக்கு ஆகும் தெரபிஸ்ட் நேரம் குறைவு என்பதால்தான் அது சாத்தியமாயிற்று.

நீங்கள் செய்யக்கூடியது, உங்கள் 60 பேரும் நாளைக்கு ஒரு திரட்டில் சேரும்படி வைப்பது. தொடக்கத்தில் எல்லாரும் வாங்கும் அடிப்படைத் தகவல்கள், ஹாமில்டனின் 17 கேள்விகளுக்கும் தனித்தனி மதிப்பெண் (மொத்தம் மட்டும் இருந்தால் திரட்டில் உதவாது), மாறிகளுக்கு விளக்கப் பட்டியல், பெயர் நீக்கிய எண்களைப் பகிரச் சம்மதப் படிவத்தில் தனிக் கட்டம். ஒலிக்கும் எழுத்துப்படிவத்துக்கும் அந்தக் கட்டம் பொருந்தாது, அதற்குத் தனிச் சம்மதம்.

சி.டி.ஆர்.ஐ. (இந்திய க்ளினிக்கல் ட்ரையல் பதிவேடு) பதிவை முதல் நோயாளிக்கு முன் முடியுங்கள். 2018 ஏப்ரலிலிருந்து பின்தேதிப் பதிவு ஏற்பதில்லை.

---

வடகரை:

கோடங்கி சொன்ன பூட்டிய பெட்டியில் ஒரு ஆபத்து இருக்கிறது, யாரும் தொடவில்லை. பி.எச்.க்யூ-9இன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம். அந்தத் தாளும் பெட்டிக்குள் போனால் யாரோ ஒருவர் "கிட்டத்தட்ட தினமும்" என்று வட்டமிட்டது மாதக் கடைசியில் டேட்டா என்ட்ரி செய்யும்போதுதான் தெரியவரும். எதிக்ஸ் கமிட்டியும் கட்டாயம் இதைக் கேட்கும்.

இரண்டு தாளையும் பிரியுங்கள். செஷனுக்கு முன் நிரப்பும் குறிப் படிவம் பெட்டிக்குப் போகாது. ஆய்வு உதவியாளர் அங்கேயே ஒன்பதாவது கேள்வியை மட்டும் பார்ப்பார். 0 இல்லாவிட்டால் தெரபிஸ்டுக்கு உடனே சொல்வார், அன்றைய செஷனிலேயே ஆபத்து மதிப்பீடு நடக்கும், நடந்ததா என்று ஒரு வரி பதிவாகும். பிணைப்புப் படிவம் மட்டும் பெட்டிக்கு. போன் பேட்டியிலும் அதே கேள்வி வரும் என்பதால், பேட்டி எடுப்பவர் கையில் அன்று பணியில் உள்ள சைக்கியாட்ரிஸ்டின் நம்பர் இருக்க வேண்டும். பேட்டியைச் சனிக்கிழமை சாயங்காலம் வைக்காதீர்கள், ஆள் கிடைக்கமாட்டார்.